அச்சு இற்றது... பாக்கம் வரவில்லை!

சாட்சாத் பரமசிவனுக்கே நடுவழியில் வண்டி மக்கர் பண்ணியிருக்கிறது. நாமெல்லாம் எம்மாத்திரம்!

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால், மதுராந்தகத்துக்கு அப்பால் அச்சிறுபாக்கம் வரும். விழுப்புரம் பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டே நீங்கள் கடந்து போயிருக்கக்கூடிய ஊர். பெயரைப் பிரித்துப் பாருங்கள். அச்சு... இறு... பாக்கம். இறுதல் என்றால் ஒடிதல். ('கயிறு இத்துப்போச்சு' என்கிறோமே, அதே இறுதான்.) திரிபுரத்தை எரிக்க சிவபெருமான் தேரில் புறப்பட்டார். பூமியே தேர்த்தட்டு, சூரிய சந்திரர்கள் சக்கரம், நாலு வேதங்கள் குதிரை, பிரம்மா டிரைவர். இவ்வளவு ஜபர்தஸ்தாகக் கிளம்பியவர்கள் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள மறந்துவிட்டார்கள். விளைவு, அச்சு மடக்! அப்பாவே பிள்ளையை வேண்டிக்கொண்ட பிறகுதான் தேர் நகர்ந்தது என்கிறது தலபுராணம். ஆட்சீஸ்வரர் கோயிலில் அச்சுமுறி விநாயகர் என்ற பெயரோடேயே பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். பாண்டிய ராஜா ஒருவரின் வண்டிக்கும் அதே இடத்தில் அச்சு போனது என்று இன்னொரு கதையும் உண்டு. ஆக, அந்தக் காலத்திலிருந்தே ரோடு அப்படித்தான்.

இதில் எனக்கு ஒரே ஒரு குறை. ஒடிந்த அச்சை எப்படிக் கழற்றினார்கள், ஜாக்கி யார் கொடுத்தார்கள், எத்தனை மணி நேரம் ஆச்சு... ஒன்றையும் தலபுராணம் சொல்லவில்லை. 'பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிற உனக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு?' என்று கேட்பீர்கள். போன வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலாற்று மணலில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நீங்களும் கேட்டிருப்பீர்கள்!

ஜீப் என்னுடையதல்ல. முடிச்சூரில் குடியிருக்கும் நண்பருடையது. நண்பர் ஒரு வங்கியில் கிளார்க். வண்டியோ ஏலத்தில் எடுத்த கிழம். தேய்மானம் போட்டுப் போட்டு அதன் புத்தக மதிப்பு ஒரு ரூபாய்க்கு வந்து பல வருஷம் ஆகிறது. "இரும்புக்கடைக்குப் போட்டா புள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபீஸாவது கட்டலாங்க" என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2015 டிசம்பரோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அந்த டிசம்பரைத் தாம்பரத்துக்காரர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் வீடு வீடாக வந்து விசாரித்துவிட்டுப் போனது. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்கரணை என்று ஊருக்கு ஓர் ஏரி இருக்கிற பிரதேசம் இது. ஏரியின் மடியில் மனை போட்டு விற்றார்கள், வாங்கினோம். ஏரி தன் இடத்தைக் கேட்டு வந்தது. முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறுவதற்குள் இருந்த கொஞ்ச நேரத்தில், நண்பரின் ஜீப் நாலு சக்கரமும் இழுக்க, தெருவிலிருந்த கிழவர் கிழவிகளையும் ஒரு கைக்குழந்தைக்காரியையும் நாலு நடையில் மேட்டுக்குக் கொண்டுபோய் சேர்த்தது. பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியென்றால் முதல் நடையிலேயே சேற்றில் உட்கார்ந்திருக்கும்.

அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் போதும், எதிர்வீட்டு ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர் கேட்டுக்கு வெளியே நின்று, "என்ன ஸார், ஜீப் கண்டிஷன்ல இருக்கா?" என்பார். நண்பர் நலம், மனைவி மக்கள் நலமெல்லாம் அப்புறம்.

எனவே மழைக்கு முன் வருஷா வருஷம் ஒரு டெஸ்ட். எங்கேயாவது கரடுமுரடான இடத்தில் முன் ஆக்ஸிலைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. கூடவே புண்ணியமும் சேரட்டும் என்று அந்தத் தடவை அச்சிறுபாக்கம் கோயில். பிள்ளையார் விஷயத்தில் ரிஸ்க் வேண்டாமென்று கிளம்பும்போதே தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாயிற்று. அச்சுமுறி விநாயகருக்கென்று தனியாக ஒரு தேங்காய், பை நிறைய அர்ச்சனை சாமான், எனக்குக் குளத்தில் கால் கழுவித் துடைக்க ஒரு புது டவல். இந்த டவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்களத்தூர் தாண்டும்போது நண்பர் வழக்கம்போல் கையைக் காட்டினார். "இங்கதான் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்தது." ஹெரால்டு கார் செய்த கம்பெனி. இப்போது அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும். வண்டலூர் மிருகக்காட்சி சாலை, 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர்... ஜி.எஸ்.டி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அது ரோடு அல்ல, கார் ஷோரூம். செங்கல்பட்டு கொளவாய் ஏரியைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டோம். தாம்பரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் பாலாறு. பாலத்துக்கு முன்னால் ஒரு வண்டிப்பாதை ஆற்றங்கரையோரமாக இறங்குகிறது. நண்பர் கண்ணில் ஒரு மினுமினுப்பு. "பத்து நிமிஷம்டா. டெஸ்ட் பண்ணிட்டுப் போயிடலாம்."

கரைச் சரிவில் இறங்கினோம். களிமண். அடியில் மணல். மணலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பின் சக்கரங்கள் புதைந்தன. நண்பர் முன் ஆக்ஸிலைச் சேர்த்தார். ஸ்டீயரிங்கை இடது பக்கம் கடைசி வரை ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மணலில் சும்மா சுழன்ற இடது முன் சக்கரம், புதைந்து கிடந்த ஒரு பாறையைத் திடீரென்று கவ்விப் பிடித்தது.

டணார்!

அப்புறம் வண்டி நகரவில்லை. ஸ்டீயரிங் இடது பக்கமே மாட்டிக்கொண்டு திரும்ப மறுத்தது.

கிழக்குத் தாம்பரத்து மெக்கானிக் பாய்க்கு போன் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு உட்காரப் போகிற சமயம்.

"இன்னா சவுண்டு சார்? டக்கா, டணாரா?"

"டணார், பாய்."

"அப்ப ஷாஃப்ட்டு. வண்டிய ஒரு இஞ்சு நவுத்தாதீங்க. நான் ட்ரெயின் புடிச்சு வரேன்."

வண்டி கெட்டால் வேனில் மெக்கானிக் வருவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பாய் செங்கல்பட்டு லோக்கலில், காய்கறிப் பையில் சுத்தியலும் உளியும் போட்டுக்கொண்டு, ஒரு பையனோடு வந்தார். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. அதற்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வண்டியை மூன்று சுற்று சுற்றிவிட்டு எங்களிடம் வந்தார்.

"இருசு போச்சா தம்பி?"

எனக்குப் புரியவில்லை. நண்பருக்கும். மாட்டு வண்டிச் சக்கரங்கள் மாட்டியிருக்கிற அச்சுக்கு இருசு என்று பெயர்; சக்கரம் கழன்று போகாமல் முனையில் செருகுவது கடையாணி. பெரியவர் விளக்கினார். நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவராம். "இருசு போனா பாரத்த எறக்கி வெச்சிட்டு ஆசாரி வர வரைக்கும் ஒக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றார். எங்களுக்குக் கேட்க சுகமாக இல்லை. காரணம், தென்கிழக்கில் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

பாலாற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று நகைச்சுவை பண்ணுகிறவர்கள் உண்டு. 2021 நவம்பரில் கரை முட்ட வந்தது. அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரு மணி நேர மழை போதும், நாங்கள் இறங்கிய களிமண் சரிவு சோப்புக்கட்டியாகிவிடும். அப்புறம் முன் சக்கரம் இழுக்காத ஜீப் ஏறவே ஏறாது. ராத்திரி அங்கேயே விட்டால் காலையில் ஆறு மிச்சம் வைக்கிறதை அக்கம்பக்கம் மிச்சம் வைக்குமா என்பது வேறு கவலை. மழைக்காலம் வாசலில் நிற்கிறது; தெருவுக்கு என்ன பதில் சொல்வது?

"ஆசாரி வந்துட்டாரு" என்றார் நண்பர். பாய் மணலில் இறங்கிக்கொண்டிருந்தார்.

வந்தவர் முதலில் சக்கரத்தைத் தொடவில்லை. மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னார். ஜாக்கியை மணலில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். பெரியவர் எங்கிருந்தோ ஒரு பனஞ்சட்டத்தையும் கடப்பாரையையும் கொண்டுவந்தார். சட்டத்தின் மேல் ஜாக்கி. ஜாக்கி வழுக்கினாலும் வண்டி தரையில் விழாமலிருக்க, கழற்றிய சக்கரத்தையே அடியில் படுக்க வைத்தாயிற்று.

அடுத்தது ஹப். ஃப்ளேஞ்ச் போல்ட் ஆறும் சுலபமாக வந்தன. உள்ளே பேரிங்கைப் பிடித்திருக்கிற பெரிய நட்டுக்கு வேண்டிய பாக்ஸ் ஸ்பேனர் வண்டியில் இல்லை. பாய் கவலைப்படவில்லை. உளியை நட்டின் விளிம்பில் சாய்த்து வைத்து, டொக் டொக்கென்று தட்டித் தட்டியே அதைச் சுழற்றிவிட்டார். அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில்தான், மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள், 2012-ல் திறந்த மஹிந்திராவின் பெரிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆக்ஸில் வரைகிற எஞ்சினீயர்கள் அங்கே ஏராளம். ஞாயிற்றுக்கிழமை, லீவு. எங்களுக்கு உளி. இதிலொன்றும் கேவலமில்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார ஜியாலஜிஸ்ட் 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்த பிறகுதான் இந்தியாவின் பழைய கற்காலமே உலகத்துக்குத் தெரிந்தது. இருக்கிறதை வைத்துத் தட்டுவது இந்த ஏரியாவுக்குப் புதுசல்ல.

பிரேக் தட்டை எடுக்கும்போது பாய் அதன் ரப்பர் ஹோஸைக் கழற்றவில்லை. ஒரு கம்பியால் அப்படியே மேலே பட்டையோடு கட்டித் தொங்கவிட்டார். "ஓஸ கய்ட்னா காத்து பூந்துரும் சார். அப்பறம் பிரேக்கு புடிக்காது. ஒரு வேலைக்கு வந்து ரெண்டு வேல பாக்கக் கூடாது." ஆபீஸில் எழுதி மாட்ட வேண்டிய வாசகம்!

கடைசியில் உருண்டைக்குள்ளிருந்து கறுப்புக் கிரீஸ் வழிய ஷாஃப்ட் வெளியே வந்தது. இரண்டு துண்டு. உள் ஷாஃப்டையும் வெளி ஷாஃப்டையும் இணைக்கிற இடத்தில் சிலுவை மாதிரி ஒரு கிராஸ் இருக்கும். 16-ம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் கார்டானோவின் பெயரால் இதைக் கார்டன் ஜாயிண்ட் என்பார்கள். நேராக இருக்கிறவரை சாது. ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்க, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறைந்து, திமிறிக்கொண்டே சுற்றும். அந்த நிலையில் சக்கரத்தையும் பாறை பிடித்துக்கொண்டால்? கிராஸைப் பிடித்திருக்கிற 'காது' இரண்டில் ஒன்று பிளந்து கிடந்தது. பிய்ந்த துண்டுதான் உருண்டைக்குள் மாட்டி ஸ்டீயரிங்கைப் பூட்டியிருக்கிறது.

நண்பர் பெருமையாக டூல் பாக்ஸைத் திறந்தார். பேப்பர் பிரிக்காத புதுக் கிராஸ் ஒன்று வைத்திருந்தார், அவசரத்துக்கு.

பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "காதே பூட்ச்சு, கம்மல் எதுக்கு சார்?"

மணி மூன்றரை. முதல் இடி. நண்பரின் முகம் செத்துவிட்டது. "அப்ப அவ்ளோதானா பாய்?"

"இன்னா அவ்ளோதான்? வண்டியோட வெயிட்டு இது மேலயா நிக்குது? இது சும்மா சுத்தறதுக்கு. வெயிட்டெல்லாம் அந்தக் கொழா மேல, பேரிங்கு மேல. இத்த வெளிய போட்டுட்டு மூடு. வண்டி ஓடும்."

இதுதான் விஷயம். அந்தப் பழைய ஜீப்பின் முன் ஆக்ஸிலில், சக்கரம் ஒரு தடித்த குழாய் மேல் பேரிங் போட்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஓடும் ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தை இழுக்கிற வேலை மட்டும்தான், தாங்குகிற வேலை இல்லை. எனவே அதை உருவி எறிந்துவிட்டு, பின் சக்கர இழுவையில் வீட்டுக்குப் போகலாம். (இதைப் படித்துவிட்டு உங்கள் காரில் முயற்சி பண்ணாதீர்கள். முன் சக்கரம் இழுக்கிற இன்றைய கார்கள் பலவற்றில், ஷாஃப்டின் முனையும் நட்டும்தான் ஹப் பேரிங்கையே இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உருவிவிட்டு ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரம் உங்களை முந்திக்கொண்டு போகும். லாரி கூப்பிடுவது உத்தமம்.)

ஷாஃப்ட் போன குழாய் வழியாக உள்ளேயிருந்து ஆயில் எட்டிப் பார்த்தது. பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். என் புது டவலைப் பார்த்தார். அவ்வளவுதான். பாலிதீன் கவரில் சுற்றி, குழாய்க்குள் திணித்து, கடப்பாரையின் மொட்டை முனையால் நாலு இடி. பிறகு எல்லாவற்றையும் வந்த வழியே மாட்டினார். பேரிங் நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு இழை தளர்த்தி, மறுபடி சுற்றிப் பார்த்து, வாஷரின் நாக்கை மடக்கினார். அந்த ஒரு இழைக்குக் கணக்குப் புத்தகத்தில் இருக்கலாம். பாய்க்கு விரல் நுனியில் இருந்தது.

முடிந்தது என்று நினைத்தால், வலது பக்கம் போய் அங்கேயும் ஃப்ளேஞ்சைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அது நல்லாத்தானே பாய் இருக்கு?"

"நல்லா கீது. அதுனாலதான். இந்தச் சக்கரம் சுத்தச் சொல்ல உள்ள பல்லுங்களும் கூடச் சுத்தும். ஆயிலு பாதி ஒய்கிப் போயிருக்கு. காஞ்ச பல்லு அரச்சுக்கும்."

உள்ளே இருக்கிற டிஃபரன்ஷியலைப் பற்றி நான் பாயிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு சக்கரம் எவ்வளவு மெதுவாகிறதோ அவ்வளவு மறு சக்கரம் வேகமெடுக்கும். கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராக இருக்கும். சாட்சாத் டபுள் என்ட்ரி அல்லவா இது, ஒரு பக்கம் டெபிட், மறு பக்கம் கிரெடிட்! பி.காம். வீண்போகவில்லை என்று எனக்கே ஒரு புல்லரிப்பு. பாய், "அந்தப் பதினாலு ஸ்பேனர எடு சார்" என்றார்.

கழற்றிய இடங்களில் மண் போகாமலிருக்க, அர்ச்சனை சாமான் கவரை இரண்டாகக் கிழித்து மூடி, சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிக் கட்டினார் பையன். கவரிலிருந்த தேங்காயைக் கல்லில் உடைத்து ஐந்து பேரும் மத்தியானச் சாப்பாடாகத் தின்றோம். பிள்ளையார் கோபித்துக்கொண்டால் இதற்கு மேல் ஒடிய எங்களிடம் அச்சு இல்லை.

இனி கரையேற வேண்டும். முன்னால் போக வழியில்லை. வந்த தடத்திலேயே ரிவர்ஸ். பின் டயர்களில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கச் சொன்னார் பாய். டயர் சப்பையானால் மணலில் கால் பரப்பி நிற்கும், புதையாது. பெரியவர் காய்ந்த பனை ஓலைகளை இழுத்து வந்து சக்கரத்துக்குப் பின்னால் விரித்தார். நண்பர் ஸ்டீயரிங்கில் உட்கார, "நா ஓட்டுறேன், நீங்க எறங்குங்க" என்று பாய் ஏறிக்கொண்டார். (நண்பர் மறு பேச்சுப் பேசவில்லை.) நாங்கள் நால்வரும் முன்னாலிருந்து தள்ள, எஞ்சினை முக்க விடாமல் பூனை மாதிரி நகர்த்தினார். ஓலை மொறுமொறுத்தது. சரிவின் பாதியில் ஒரு கணம் நின்றது. என் செருப்பு மணலுக்குள் போனது போனதுதான். அப்புறம் ஏறிவிட்டது. மேலே வந்து பெரியவருக்குப் பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. உடைந்த ஷாஃப்ட் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொல்லனிடம் கொடுத்தால் நல்ல கடப்பாரை ஆகுமாம்!

பஞ்சர் கடையில் காற்று பிடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறும்போது மழை தொடங்கிவிட்டது. வேகம் 40-க்கு மேல் கூடாது என்பது பாயின் கட்டளை. சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு தடவை, கூடுவாஞ்சேரியில் ஒரு தடவை நிறுத்தி, இறங்கி, முன் ஹப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை வைக்க முடிந்தால் பேரிங் சௌக்கியம். வைக்க முடியாமல் சுட்டால் நட்டு இறுக்கம். குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரிதான். இரவு 9 மணிக்கு முடிச்சூர். கொட்டுகிற மழையில் போஸ்ட்மாஸ்டர் குடையோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தார். வண்டி வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

செவ்வாய்க்கிழமை நண்பர் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனார். பழைய வண்டிகளை அக்கு அக்காகப் பிரித்து அடுக்கியிருக்கிற அந்தச் சந்துகளில், ஆறாவது கடையில் ஷாஃப்ட் கிடைத்தது. கடைக்காரர் ஒற்றையாகத் தர மாட்டேன் என்றார். இந்த வண்டிக்கு இடதும் வலதும் ஒரே நீளமில்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. குட்டை போனால் நெட்டையை யார் வாங்குவார்கள்? ஜோடியாகத்தான் வியாபாரம். பேரம் பேசிப் பார்த்து, இரண்டையும் வாங்கிக்கொண்டு எழும்பூரில் ட்ரெயின் பிடித்தோம். வியாழக்கிழமை ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் பாய் மாட்டிக் கொடுத்தார். என் டவல் திரும்பி வந்தது. வாங்கிக்கொள்ளவில்லை.

நெட்டை ஷாஃப்ட் சாக்கில் சுற்றி ஜீப்பின் பின் ஸீட்டுக்கு அடியில் கிடக்கிறது. ஸ்கூலுக்குப் பிள்ளைகளை ஏற்றும்போது நண்பரின் மனைவி அதில் காலை இடித்துக்கொண்டாராம். இரும்புக்கடை ஞாபகம் வந்துவிடப் போகிறதே என்று நண்பர் பயந்திருக்கிறார்.

"ஆயில் தடவி வைங்க. துரு ஏறிடப் போவுது" என்றாராம் அந்த அம்மாள்.